நோய் என்றால் இல்லை

ஆஸ்திரேலியாவுக்கு நான் போனது லீவுக்கு. அந்த அரசாங்கமே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது, வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசா என்று. குலுக்கலில் பெயர் விழுந்தால் ஒரு வருஷம் அங்கே சுற்றலாம், சுற்றுகிற செலவுக்கு அங்கேயே வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். கொல்கத்தாவில், செக்டர் ஃபைவில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்த எனக்கு விழுந்தது. அம்மாவுக்கு அந்த விசாவின் பெயரே பிடிக்கவில்லை.

“ஹாலிடேன்னா லீவுல்லா? லீவுக்குப் போன எடத்துல எவளாவது மாங்காப் பறிப்பாளாட்டி?”

பறித்தேன். அந்த விசாவை இன்னொரு வருஷம் நீட்டிக்க வேண்டுமென்றால், முதல் வருஷத்தில் மூன்று மாசமாவது அவர்கள் சொல்லும் பகுதியில் அவர்கள் சொல்லும் வேலையைச் செய்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது வடக்கே ஒரு மாந்தோப்பு. காம்பை ஒடித்ததும் பீய்ச்சுகிற பால் பட்டு முழங்கை வரைக்கும் கொப்புளம். வீடியோவில் அம்மாவிடம் பேசும்போது முகத்தை மட்டும் காட்டப் பழகிக்கொண்டேன்.

அதற்கப்புறம் தெற்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. பிடிக்காது என்றுதான் போனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வாழ்க்கையில் அலாரம் அடிப்பதற்கு முன்னால் நான் எழுந்து கிளம்பிப் போன ஒரே வேலை அதுதான். அங்கே மேனேஜராக இருந்த பெண் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: விசாவை நீட்டித்துக்கொண்டு வா, படிக்க வேண்டிய கோர்ஸை நாங்களே படிக்க வைக்கிறோம், இரண்டு வருஷம் வேலை பார், பி.ஆருக்கு நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். பி.ஆர். என்றால் நிரந்தரமாக அங்கேயே இருக்கும் உரிமை. எனக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்று பிறந்துவிட்டால் இந்த விசாவுக்கு மனுவே போட முடியாது. இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது.

அங்கேயே இருந்து மனுப் போட்டிருந்தால் அங்கேயே காத்திருந்திருக்கலாம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றார்கள். சரி, பத்து நாள் போய்ப் பார்த்துவிட்டு, கொல்கத்தாவிலிருந்தே மனுவைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று விமானம் ஏறினேன். வெளியே இருந்து போட்டால் விசா வரும்வரை வெளியேதான் கிடக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். என்னோடு மாங்காய் பறித்தவர்களுக்கெல்லாம் ஒரு வாரத்தில் வந்திருந்தது. அந்தத் தைரியம்தான்.

நான் வயசானவர்களைத் தொட்டு வேலை செய்யப் போகிறவள் என்பதால் மெடிக்கல் கேட்டார்கள். அவர்கள் அங்கீகரித்த கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். அம்மாவும் கிளம்பிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். “ரத்தம் எடுப்பான், மயக்கம் வந்தா யாரு பிடிக்க?” என்று ஃபிளாஸ்கில் ஹார்லிக்ஸ் கலந்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ரத்தம் கொடுத்தாயிற்று. கடைசியாக டாக்டர் அறை. அப்பா வயசுள்ள வங்காளி. சாதுவான மனிதர். ஒவ்வொரு வியாதியாகப் பெயர் சொல்லி, வந்திருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். டிபி என்றார். இல்லை என்றேன். அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

“சோட்டோபேலாய் பிரைமரி காம்ப்ளெக்ஸ் சிலோ, டாக்டர்பாபு.”

சின்ன வயசில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் இருந்தது என்று அர்த்தம். கால் நூற்றாண்டாக மீன்காரரிடமும், பௌதி என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு அண்ணியிடமும் பேசிப் பேசி அம்மா சேர்த்த வங்காளம். எனக்கு ஐந்து வயசாக இருந்தபோது, அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த புதிதில், எனக்கு அது வந்தது. தமிழ் வீடுகளில் பிறந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டாம். சாப்பிடாத பிள்ளை, சளி விடாத பிள்ளை, கழுத்தில் நெறி கட்டிய பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பெயர்தான். மொட்டை, காதுகுத்து, பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று பிள்ளை வளர்ப்பில் அது ஒரு கட்டம். கரியாஹாட் பக்கம் இருந்த ஒரு தமிழ் டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். சிவப்பாக ஒரு டானிக். அதைக் குடித்தால் ஒன்றுக்குப் போவது ஆரஞ்சாக வரும். அம்மா ஆறு மாசம் ஒரு நாள் விடாமல் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அதனால் அம்மா அன்று அந்த டாக்டரிடம் சொன்னது ஒரு பெருமைதான். இவளை எப்படியெல்லாம் வளர்த்திருக்கிறேன் தெரியுமா என்று.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

“தீதி, அது டிபிதான். குழந்தைகளுக்கு வரும் டிபி.”

“நா, நா! டிபி நோய்!” என்றாள் அம்மா. “டிபி நோய், டாக்டர்பாபு, பிரைமரி காம்ப்ளெக்ஸ்!”

வங்காளத்தில் நா என்றால் ‘இல்லை’, நோய் என்றால் ‘அல்ல’. டிபி இல்லை, டிபி இல்லை என்றுதான் அம்மா கதறினாள். ஆனால் கூட இருந்த என் தமிழ்க் காதில் அது எப்படி விழுந்தது என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவே அடித்துச் சத்தியம் செய்வது போல, டிபி நோய், டிபி நோய் என்று.

அவர் கெட்ட மனிதர் இல்லை. எக்ஸ்ரேயில் பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்றார். ஆனால் பழைய டிபி என்று காதில் விழுந்துவிட்டது, எழுதாமல் இருக்க முடியாது, எழுதினால் சளிப் பரிசோதனை செய்யாமல் விடமாட்டார்கள் என்றார். சளியைக் கிண்ணத்தில் வைத்து வளர்த்துப் பார்ப்பார்களாம். கிருமி வளரவில்லை என்று நிச்சயமாகத் தெரிய ஆறேழு வாரம் ஆகும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கத்தினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஒன்னக் கேட்டாரா? ஒன்னக் கேட்டாராம்மா? எதுக்கு வாயத் தொறந்த?”

“உள்ளதத்தானட்டி சொன்னேன்.”

“வேணும்னே சொன்னியா? நான் திரும்பிப் போகக்கூடாதுன்னு?”

அம்மா ஃபிளாஸ்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உல்டோடாங்கா பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

சளி கொடுக்க மூன்று காலை போக வேண்டியிருந்தது. என்னிடம் சளியே இல்லை. இந்த ஊரில் புரட்டாசி பிறந்தாலே ‘டாண்டா லேகே ஜாபே’, சளி பிடித்துக்கொள்ளும் என்று ஊரே குரங்குக் குல்லாவைத் தேட ஆரம்பிக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் எனக்கு ஒரு ஸ்பூன் சளிக்குப் பஞ்சம். முகமூடி போட்ட நர்ஸ் உப்புத்தண்ணி ஆவியைப் பிடிக்க வைத்து, “ஜோரே, ஆரோ ஜோரே”, பலமாக, இன்னும் பலமாக என்று வெளியிலிருந்து கத்தினாள். குடல் வாய்க்கு வருகிற மாதிரி இருமினேன். ஒவ்வோர் இருமலிலும் அம்மாவைத் திட்டினேன்.

அதற்கப்புறம்தான் அவஸ்தை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத அவஸ்தை. வீட்டில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். சால்ட் லேக்கில் எங்கள் பிளாக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பூஜைப் பந்தலுக்குப் பார்க்கில் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் போய் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன், எனக்கென்னவோ அதில் பங்கு இருக்கிற மாதிரி. பஸ் பிடித்து கரியாஹாட் போவேன். பூஜைக் கூட்டம் முட்டித் தள்ளும். நடைபாதைக் கடைகளில் புடவையைப் பிரித்துப் பிரித்துக் காட்டுவார்கள். நான் ஒன்றும் வாங்காமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இடிபட்டுக்கொண்டே நடந்துவிட்டுத் திரும்பி வருவேன். ஒருநாள் படகில் ஹவுராவுக்குப் போய், இறங்கி, ஸ்டேஷனில் சூட்கேஸோடு ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த படகிலேயே திரும்பினேன்.

மேனேஜரிடமிருந்து வாரம் ஒரு செய்தி வரும். ஏதாவது தெரிந்ததா, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று. பிறகு ஒருநாள், நவம்பர் பாதிக்கு மேல் உன் இடத்தைக் காலியாக வைத்திருக்க எனக்கு அனுமதி இல்லை, மன்னித்துக்கொள் என்று வந்தது. நான் கிளினிக்குக்கு போன் போட்டேன். “பூஜோர் போரே” என்றார்கள். பூஜைக்கு அப்புறம். இந்த ஊரில் வளர்ந்தவள் நான், எத்தனையோ பேருக்கு நானே அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். கேஸ் சிலிண்டரானாலும் கல்யாணப் பேச்சானாலும் பூஜைக்கு அப்புறம்தான். அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அம்மாவிடம் நான் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பாவிடம், “அப்பா, எனக்குச் சோறு வேண்டாம்னு சொல்லிருங்க” என்பேன். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து, “அவ காதுல விழுந்துட்டுட்டி” என்பார். என் டம்ளர், தட்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டேன். ஒருவேளை உண்மையாகவே இருந்தால்? என் பயம் எனக்கு. பூஜை தொடங்கி, சப்தமியன்று காலையில் நான் பாதி குடித்துவிட்டு வைத்த காபியை அம்மா எடுத்தாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டாள்.

“பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்றேன். பல நாள் கழித்து அம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

“ஆமா, பிடிச்சிருக்கு. நீ போட்டி” என்றாள்.

மறுநாள் அஷ்டமியன்று பார்க்கில் போக் என்கிற பிரசாதச் சாப்பாட்டுக்கு வரிசையில் உட்கார்ந்தோம். கிச்சுரியும் லாப்ராக் கூட்டும் இலைத்தட்டில் ஆவி பறந்தன. கீழ்வீட்டு பௌதி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, அம்மாவும் பொண்ணும் சண்டையாமே, தெருவுக்கே கேட்டதே என்று கிண்டல் செய்தாள். அம்மா சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மாசத்துக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். இவளுக்கு என்ன தெரியும், யாரோ ஒரு டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பெயரை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து ஒப்பித்தாள், அவ்வளவுதானே என்று தோன்றியது. என் தட்டிலிருந்த தக்காளிச் சட்னியை அம்மா தட்டில் தள்ளிவிட்டேன். அம்மாவுக்கு அது பிடிக்கும்.

லட்சுமி பூஜை முடிந்த வாரம் முடிவு வந்தது. கிருமி இல்லை. அதற்குப் பிறகும் ஆஸ்திரேலியாவில் யாரோ அதைப் பார்த்து முடிக்க இன்னும் சில நாள். ஒரு மத்தியானம், அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கும்போது விசா வந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா கண்ணாடி இல்லாமலே எழுந்து ஓடி வந்தார். மேனேஜர் உடனே பதில் போட்டாள்: இடம் இருக்கிறது, ஓடி வா. இன்னும் இரண்டு வருஷ வேலை இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, பி.ஆர். கிடைக்குமென்று எவரும் எழுதித் தரவில்லை. இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கிடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது. கிடைத்த முதல் டிக்கெட்டை வாங்கினேன்.

கிளம்புகிற நாள். சூட்கேஸ் திறந்து கிடக்கிறது. நான் அம்மாவின் தோளில் சாய்ந்து, “போக மனசே இல்லம்மா” என்று அழ ஆரம்பித்திருந்தேன். பொய்யில்லை, அந்த நேரத்தில் மனசே இல்லை. இத்தனை நாள் குதித்த கால் அப்படியே கல்லாகிவிட்டது. இருந்துவிடலாமா என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. அம்மா என்னை விலக்கி உட்கார வைத்தாள்.

“ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு டாக்டர்ட்ட நான் தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“என்ன தெரிஞ்சு?”

“அது டிபின்னு. எனக்கு எப்பவோ தெரியும். சொன்னா விசா நின்னுரும்னுதான் சொன்னேன். நீ போகக்கூடாதுன்னு.”

எனக்குக் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. “என்னம்மா சொல்லுத?”

“ஆட்டோல கேட்டல்லா, வேணும்னே சொன்னியான்னு. ஆமா. வேணும்னுதான்.”

அம்மா என் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் அந்தச் சட்டையைக் கையிலிருந்து பிடுங்கினேன். என்னென்னவோ கத்தினேன். எந்த அம்மாவாவது செய்வாளா, என் வேலை போயிருந்தால், என் வாழ்க்கையே போயிருந்தால் என்ன செய்திருப்பாய், இரண்டு மாசம் நான் பட்ட பாடு உனக்கு வேடிக்கையா என்று. உன்னைப் பார்த்துப் பாவப்பட்டேனே, எனக்கு அறிவில்லை என்றேன். அம்மா முழங்கால் வலி, ஏர்போர்ட்டுக்கு வரவில்லை என்றாள். நான் வா என்று கூப்பிடவும் இல்லை. வாசலில் நின்றவளைத் தாண்டி, சூட்கேஸைப் படியில் இடித்து இடித்து இறக்கிக்கொண்டு போய், அப்பா முன்பே ஏறி உட்கார்ந்திருந்த டாக்ஸியில் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏர்போர்ட் போகிற விஐபி ரோட்டில் வண்டி நகரவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், “என்னட்டி, ஒரு மாதிரி இருக்கே?” என்றார். கொட்டிவிட்டேன். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒங்கம்மையா? தெரிஞ்சா? ஏட்டி, அவளுக்கு எங்கன தெரியும்? அவ அப்பா அந்தச் சீக்குலதான் செத்தாரு. பேரக் கேட்டாலே இவ தாங்கமாட்டான்னு, இவகிட்ட டிபின்னு சொல்லாதிய டாக்டர்னு நாந்தான் அன்னைக்குச் சொன்னேன். அதான் அவரு அந்தப் பேரச் சொன்னாரு. இத்தன வருசம் அவளுக்குத் தெரியாது. அந்தக் கிளினிக்ல இருந்து வந்த அன்னைக்கு எங்கிட்டக் கேட்டா, ரெண்டும் ஒண்ணாங்கன்னு. ஆமான்னேன். பாத்ரூமுக்குள்ள போயி குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதா. அடுத்த வாரம் பௌதியக் கூட்டிக்கிட்டுப் போயி தானும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா. தங்கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு ஒட்டிச்சோன்னு. ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருக்கா.”

“பெறவு எதுக்குப்பா எங்கிட்ட இப்படிச் சொல்லணும்?”

“நீ அழுதுட்டு இருந்தியா?”

“ஆமா.”

இன்னும் அரை மணி நேரம் நான் அந்தத் தோளில் சாய்ந்து அழுதிருந்தால் சூட்கேஸை மூடியிருக்கமாட்டேன். எனக்கு அது தெரியும். என்னைப் பெற்றவளுக்கு அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

சோதனையெல்லாம் முடிந்து விமானத்துக்கான வரிசையில் நின்றபோது வீட்டுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஏறியாச்சா?”

“வரிசைல நிக்கேன்.”

அப்பா சொல்லிட்டாரும்மா என்பது நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அங்கே அவள் உடைவாள், இங்கே நான் வரிசையை விட்டு வெளியே வருவேன். எனக்கு முன்னால் நின்றவர் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

“எம்மா” என்றேன். “ஒம்மேல எனக்கு ரொம்பக் கோவம்.”

“இருக்கட்டும்ட்டி” என்றாள் அம்மா. “அப்படியே போயி ஏறு.”